ஒளி விழும் பரப்பு – 4: கேப்டன் ட்ரைப்பின் பெருந்தாள்

1839ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து டாகேர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டிலே உலகத்தின் பிம்பத்தை நிலைநிறுத்திக் காட்டியதையும், அதே காலத்தில் இங்கிலாந்தில் டால்பட் என்பவர் சாதாரண எழுது காகிதத்தையே ஒளிக்கு வசப்படுத்தியதையும், 1851இல் ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடியின்மேல் கொலோடியன் என்னும் பசையைப் பூசி அவ்விருவரையும் பின்னுக்குத் தள்ளியதையும் சென்ற மூன்று வாரங்களில் பார்த்தோம்.

வெள்ளி, காகிதம், கண்ணாடி என்று ஒளியை ஏற்கும் பொருள் மாறியதே இதுவரை நம் கதை. இந்த வாரம் பொருளை விட்டு அளவுக்கு வருகிறோம். கதையும் ஐரோப்பாவை விட்டு நம் புதுக்கோட்டைச் சீமைக்கு வந்து சேருகிறது.

* * *

லின்னேயஸ் ட்ரைப் 1822ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெவன்போர்ட் துறைமுகத்தில் பிறந்து, இளவயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் சேர்ந்தவர். விடுப்பில் ஊர் சென்றிருந்தபோது புகைப்படக் கலையைக் கற்றுக்கொண்டு, 1854ஆம் ஆண்டு டிசம்பரில் பேலூர், ஹளேபீடு ஆலயங்களைப் படம் எடுத்து, மறு வருஷம் சென்னையில் நடந்த கண்காட்சியில் அவற்றை வைத்தார். அந்த 1855ஆம் வருஷத்திலேயே கவர்னர் ஜெனரல் டல்ஹௌஸி பிரபு பர்மிய அரசர் மிண்டோனிடம் அனுப்பிய தூதுக்குழுவோடு ஐராவதி நதி வழியாகப் பிரயாணம் செய்து, அமரபுரத்தின் மடாலயங்களையும் பாலங்களையும் காகிதத்தில் பதித்துக்கொண்டு திரும்பினார்.

இந்தச் சாதனைகளைக் கண்ட சென்னை அரசாங்கம், ஹாரிஸ் பிரபு கவர்னராக இருந்தபோது, 1856இல் அவரை அரசாங்கப் புகைப்படக்காரராக நியமித்தது. ராஜதானியின் கோயில்களையும் கோட்டைகளையும், அவை சிதைந்து மறைவதற்குமுன், உள்ளது உள்ளபடி பதிவு செய்துவிட வேண்டும் என்பது உத்தியோகத்தின் நோக்கம்.

ஆசை பெரிது, ஆசாமி ஒருவர். பெங்களூரில் கடையை விரித்து, சாமான்களைச் சேர்த்து, ரசாயனங்களைச் சோதித்து முடிப்பதற்குள் வடக்கே 1857ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சி மூண்டுவிட்டது. தெற்கே அமைதி நிலவியபடியால், அவ்வருஷத்து டிசம்பரில் ட்ரைப் மாட்டு வண்டிகளைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார். சேலம் சீமை, திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று நீண்ட அந்தச் சுற்று 1858ஆம் ஆண்டின் கோடைத் தொடக்கம்வரை நடந்தது.

புறப்படுமுன் அவர் ஒரு கேள்விக்கு விடை கண்டிருக்க வேண்டும். இன்று கேமராக் கடையில் நிற்கும் எந்த இளைஞனும் அதே கேள்வியைத்தான் வேறு சொற்களில் கேட்கிறான்: ஒளி விழும் பரப்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

* * *

ட்ரைப்பின் காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு கொடுமையான நேர்மை இருந்தது. படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி நடைமுறையில் இல்லாத காலம் அது. நெகடிவைப் பூச்சிட்ட காகிதத்தின்மேல் வைத்து அழுத்தி வெயிலில் காட்டுவார்கள். நெகடிவ் எந்த அளவோ, படமும் அதே அளவு. உள்ளங்கையளவு நெகடிவ் எடுத்தவனுக்கு உள்ளங்கையளவு படந்தான் கிடைக்கும். சுவரில் மாட்டத்தக்க படம் வேண்டுமானால் அந்த அளவுக்குக் கேமராவையே செய்து, அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடக்க வேண்டும்.

ட்ரைப் பெரிதையே தேர்ந்தார். ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உள்ள காகித நெகடிவ். இன்று ஃபுல் ஃப்ரேம் என்று கடைக்காரர் பயபக்தியோடு உச்சரிக்கும் சென்சார் 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர்; ட்ரைப்பின் தாள் அதைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட விஸ்தீரணம் உடையது.

கண்ணாடி கூர்மையானது என்று தெரிந்திருந்தும் காகிதத்தை ஏன் கைக்கொண்டார்? ஈரக் கொலோடியன் முறையில், தகட்டில் பசை பூசி, வெள்ளி உப்பில் தோய்த்து, கேமராவில் வைத்துப் படம் எடுத்து, ரசாயனத்தில் கழுவுவது வரையில் எல்லாம் பூச்சு உலருமுன் சில நிமிஷங்களுக்குள் முடிந்தாக வேண்டும். தென்னாட்டு வெயிலில் அந்தச் சில நிமிஷங்களும் சுருங்கிவிடும். போதாக்குறைக்கு, போகும் இடமெல்லாம் இருட்டறைக் கூடாரமும் உடன் போக வேண்டும்.

பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ க்ரே 1851இல் வெளியிட்ட மெழுகுக் காகித முறையிலோ அந்த அவசரம் இல்லை. தாளுக்கு முன்கூட்டியே மெழுகூட்டித் தயாரித்து வைத்துக்கொள்ளலாம்; படம் எடுத்தபின் அன்று மாலை சாவகாசமாகக் கழுவலாம். உடைகிற பயமும் இல்லை, எடையும் இல்லை.

காகிதத்துக்கு ஒரு குறை உண்டு. அதன் நார், மெழுகு எவ்வளவு நிரப்பினாலும், நுண்ணிய கோடுகளைச் சற்றே மழுக்கும். அந்தக் குறையை ட்ரைப் வென்றது பரப்பினால்தான். தாள் பெரிதாக இருந்தபடியால் ஒரு தூணின் பிம்பமே கையளவு விழுந்தது. நார் விழுங்கியது போக எஞ்சியதே கண்ணுக்குப் போதுமானதாக இருந்தது. பொருளின் குறையை அளவினால் ஈடுகட்டுவது என்னும் இந்த உபாயம், ஃபிலிம் காலத்திலும் சென்சார் காலத்திலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டப் போவதைப் பின்வரும் வாரங்களில் காண்போம்.

* * *

1858. திருமயம்.

ராமநாதபுரம் சேதுபதிகள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பி, பின்னர் தொண்டைமான்களின் கைக்கு வந்த அந்தக் கோட்டை, அன்று ராமச்சந்திர தொண்டைமானின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. வெளிவாசலுக்கும் உள்வாசலுக்கும் இடையே ஒரு கல் மண்டபம். அதன்முன் முக்காலியை ஊன்றிப் பெட்டியை ஏற்றினார் ட்ரைப்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால், தேய்த்த கண்ணாடியிலே மண்டபம் தலைகீழாகத் தொங்கும். முன்னாலுள்ள தூணைக் கூர்மையாக்கினால் பின்னாலுள்ள மதில் மங்குகிறது. மதிலைக் கூர்மையாக்கினால் தூண் கரைகிறது.

இரண்டும் வேண்டும். அரசாங்கத்துக்கு வேண்டியது அழகான மங்கல் அன்று. ஒவ்வொரு கல்லும் தெரியும் சாட்சியம். ஆகவே லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினார். சுருக்கச் சுருக்க, கூர்மை முன்னும் பின்னும் பரவியது. ஒளியோ குறைந்துகொண்டே வந்தது.

மூடியைத் திறந்தார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று காலம் கழிந்துகொண்டிருந்தது.

அந்த நிமிஷங்களில் மண்டபத்தின் குறுக்கே நடந்துபோனவர் எவராயினும் அவருடைய சாயல்கூட அந்தத் தாளில் தங்காது. அசையாது நின்றவை மாத்திரமே பதியும். தென்னாட்டு ஆலயங்கள் ஆளரவமற்ற பாழடைந்த சின்னங்கள் என்று அக்காலத்து ஐரோப்பிய வாசகர் மனத்தில் ஒரு சித்திரம் விழுந்ததற்கு, எண்ணத்தின் குற்றம் பாதியென்றால், பெருந்தாளின் குற்றம் மற்றொரு பாதி என்பது என் அபிப்பிராயம்.

வானமும் அப்படியே. அந்தத் தாள் நீல நிறத்துக்கு அளவு கடந்து வசப்படுவதால், வானம் வெறும் வெள்ளையாகவே விழுந்தது. ட்ரைப் சளைக்கவில்லை, தூரிகை எடுத்து நெகடிவின்மேல் வண்ணம் தீட்டி, இல்லாத மேகங்களை வானில் தவழ விட்டார், தெளிவில்லாத மரங்களுக்கு இலைகளைத் திருத்தினார். கம்ப்யூட்டரில் வானத்தை மாற்றும் இந்நாளைய பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெரியவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

* * *

பரப்பு பெரிதானால் காலம் ஏன் நீள வேண்டும்? இங்கேதான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது, அவசரப்படாமல் அவிழ்ப்போம்.

ஒரே இடத்தில் நின்று, ஒரே காட்சியை, ஒரே கோணத்தில் எடுப்பதாகக் கொள்வோம். ஃபுல் ஃப்ரேம் சென்சாருக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ் போதுமானால், நம் ஊர்களில் க்ராப் சென்சார் என்று அழைக்கப்படும் ஏறக்குறைய 23.5க்கு 15.6 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ.பி.எஸ்.-சி பரப்புக்கு 33 மில்லிமீட்டர் லென்ஸே அந்தக் காட்சியைத் தந்துவிடும். 17.3க்கு 13 மில்லிமீட்டர் அளவுள்ள ஃபோர் தேர்ட்ஸ் சென்சாருக்கு 25 மில்லிமீட்டர் போதும். ட்ரைப்பின் தாளுக்கோ அரை மீட்டருக்கு மேற்பட்ட குவிதூரம் வேண்டும்.

குவிதூரம் நீண்டால் கூர்மையின் ஆழம் குறையும். ஃபோர் தேர்ட்ஸில் எஃப் 4 (துவாரம் சுருங்கச் சுருங்க இந்த எண் ஏறும்) கொடுக்கும் ஆழத்தை ஃபுல் ஃப்ரேமில் பெற எஃப் 8 வைக்க வேண்டும். ட்ரைப்பின் தாளில் அதையே பெற எஃப் 90 அளவுக்குத் துவாரத்தை ஊசிமுனையாக்க வேண்டும். எஃப் 8ஐ விட எஃப் 90இல் தாளின் ஒவ்வொரு புள்ளியிலும் விழும் ஒளி நூறு மடங்குக்கு மேல் மங்கல். பரப்போ நூறு மடங்குக்கு மேல் பெரிது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்டாயிற்று!

அப்படியானால் பெரிய சென்சாருக்கு மகிமையே இல்லையா? உண்டு. துவாரத்தைச் சுருக்காமல் திறந்தபடியே வைக்க முடிகிற இடத்தில் உண்டு. வானம் பார்த்த நம் பூமியில் இதை விளக்கக் கண்மாயைவிட நல்ல உவமை கிடையாது: ஒரே மழைதான் பெய்கிறது, ஆனால் விரிந்த கண்மாய் வாங்கிக்கொள்ளும் நீரைக் குட்டை வாங்க இயலாது. ஒரே எஃப் எண்ணில், 864 சதுர மில்லிமீட்டர் உள்ள ஃபுல் ஃப்ரேம், சுமார் 367 சதுர மில்லிமீட்டர் உள்ள க்ராப் சென்சாரைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஒளியைச் சேகரிக்கிறது. மங்கிய இடத்தில் படத்தின் நிழற்பகுதிகளில் மணல் தூவியதுபோல் எழும் நாய்ஸ் அதனால் குறைகிறது.

குளத்தூர் தாலூகாவின் தலைநகராகிய நம் கீரனூரில், முகூர்த்த நாளில் ஏதேனும் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்து பாருங்கள். கெட்டிமேளம் முழங்கும் அந்தச் சில விநாடிகளில், சுற்றத்தார் மணமேடையை நெருக்கிச் சூழ, மணமகன் குனிந்து தாலி முடிச்சிடுகிறான். புகைப்படக்காரருக்கு அங்கே இரண்டாவது சந்தர்ப்பம் கிடையாது. துவாரம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், விரல்களின் அசைவு உறைய வேண்டும், பின்னாலிருக்கும் சீரியல் பல்புகள் மங்கிக் கரைய வேண்டும்.

அந்த விநாடிக்காக அவர் ஃபுல் ஃப்ரேம் வாங்கக் கடன் படுவதை நான் குறை கூற மாட்டேன். பின்னால் அந்தப் படமே கரிஷ்மா ஆல்பத்தில் 36 அங்குல அகலத்துக்கு விரியப் போகிறது. ஃபுல் ஃப்ரேமிலிருந்து அது ஏறத்தாழ 25 மடங்கு பெருக்கம், க்ராப் சென்சாரிலிருந்து 39 மடங்கு. பெருக்கம் ஏறினால் குறைகளும் சேர்ந்தே ஏறும்.

அதே மனிதர் மறுநாள் நார்த்தாமலை ஏறி, விஜயாலய சோழீச்சரத்தை வட்ட விமானமும் சுற்றுச் சிற்றாலயங்களும் பாறையின் சரிவும் ஒருங்கே கூர்மையாகத் தெரியும்படி பட்டப்பகலில் எடுப்பாரானால், அவருடைய பெரிய சென்சார் அதிகமாகச் சாதிப்பது ஒன்றும் இல்லை. துவாரத்தைச் சுருக்கியே ஆக வேண்டும். சின்னக் கேமராவும் அந்த வேலையைச் செய்துவிடும், தோளும் வலிக்காது. ஆனால் அருகிலேயே சமணர் குடகு என்று வழங்கும் குடைவரைக்குள் வரிசையாக நிற்கும் பன்னிரண்டு திருமால் உருவங்களைக் கையில் பிடித்த கேமராவால் எடுக்க முயன்றால் நியாயம் மறுபடியும் புரண்டுவிடுகிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இத்தகைய இடங்களில் ட்ரைபாட் ஊன்றத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்பதால், மங்கிய குகைக்குள் பரப்பின் செல்வமே கை கொடுக்கும்.

எந்த அளவு சிறந்தது என்று கேட்பவரிடம், அவர் எதை எடுக்கப் போகிறார், எங்கே நின்று எடுக்கப் போகிறார், எந்த அளவில் பார்க்கப் போகிறார் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம்.

* * *

ட்ரைப்புக்கு இது தெரிந்திருந்தது என்பதற்கு அவருடைய வண்டியிலேயே சாட்சி இருக்கிறது. பெரிய பெட்டியோடு சிறிய கேமரா ஒன்றும் ஏறியிருந்தது: ஸ்டீரியோ கேமரா.

இரண்டு கண்களின் இடைவெளியைப் பாவித்து, இணையான இரு சிறு பிம்பங்களைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து, அவற்றை ஸ்டீரியோஸ்கோப் என்னும் கருவிக்குள் வைத்துப் பார்த்தால் காட்சி கனபரிமாணத்தோடு எழுந்து நிற்கும். 1851ஆம் ஆண்டு லண்டன் மகா கண்காட்சிக்குப் பின் ஐரோப்பியக் கூடங்களில் இந்தக் கருவி பெரும் மோகமாகப் பரவியிருந்தது. பெருந்தாளில் எடுத்த அதே திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரைக் காட்சிகளைச் சிறு கண்ணாடியிலும் எடுத்து, ஸ்டீரியோப் படத் தொகுதிகளாக அவர் தனியே வெளியிட்டார்.

சிறு பரப்பு, குறுகிய குவிதூரம், தாராளமான ஆழம், விரைவான பதிவு. படத்தின் ஒவ்வொரு பாதியும் சுமார் 3 அங்குலமே. ஆயினும் கண்ணுக்கு அருகில் லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது பெருந்தாளுக்கு வாய்க்காத ஓர் அந்தரங்க அனுபவத்தை அது கொடுத்தது. பெரியது மேஜைமேல் விரித்து ஆராய்வோருக்கு. சிறியது நாற்காலியில் சாய்ந்து உலகம் சுற்றுவோருக்கு. இரண்டையும் ஒரே மனிதர், ஒரே பிரயாணத்தில் எடுத்தார்.

* * *

பின்னர், தஞ்சாவூரில், எந்த அளவும் போதாத ஒரு பொருள் அவர் எதிரே வந்து நின்றது.

பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ராஜராஜனின் கல்வெட்டுகள் வரி வரியாக ஓடுகின்றன. கோயில் முழுவதும் விழும் தொலைவில் நின்றால் எழுத்து புழுதியாகிவிடும். எழுத்துத் தெரியும்படி நெருங்கினால் சில அடிச் சுவரே தாளில் அடங்கும்.

15 அங்குலத் தாள் தோற்றது. 30 அங்குலம் செய்தாலும் தோற்றிருக்கும்.

ட்ரைப் பரப்பைப் பெருக்கவில்லை. பரப்பின் எண்ணிக்கையைப் பெருக்கினார். சுவர் ஓரமாகவே நகர்ந்து நகர்ந்து, ஒரு தாள் முடிந்த இடத்தில் மறு தாள் தொடங்கும்படி எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டினார். சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரு சுருளாக அந்தக் கல்வெட்டு விரிந்தது. கல்லிலிருந்து ஓலைக்கு, ஓலையிலிருந்து தாளுக்கு என்று கையால் படியெடுத்தே பழகிய ஒரு நாட்டில், எழுதுவோன் பிழை என்பதே புகாத பிரதி ஒன்று அன்று உருவாயிற்று.

இன்று செல்பேசியைப் பக்கவாட்டில் நகர்த்திப் பனோரமா எடுக்கிறவர்கள் செய்வதும், வெண்பட்டாணியளவு சென்சாருக்குள் பல பிம்பங்களை அடுக்கடுக்காக எடுத்து ஒன்றாக்கும் செல்பேசியின் இரவுப் பயன்முறை செய்வதும், அடிப்படையில் இந்த உபாயமே. பரப்பு போதாதபோது காலத்தைச் செலவழித்துப் பரப்பை விலைக்கு வாங்குகிறோம்.

* * *

அந்தச் செலவைக் கொடுத்தவர் யார்? அரசாங்கம். அதுவே முடிவுக்கும் காரணமாயிற்று.

மதுரை, புதுக்கோட்டை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர் என்று இடவாரியாகப் படத் தொகுதிகள் 1858இல் வெளிவந்தன. அடுத்து, சென்னை மியூசியத்தில் கிடந்த அமராவதிச் சிற்பங்களையும் ட்ரைப் படம் எடுத்தார். 1859இல் ஹாரிஸ் பிரபு போய், சர் சார்லஸ் ட்ரெவெல்யன் கவர்னராக வந்தார். கிளர்ச்சி தின்றுவிட்ட கஜானாவைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குகளைப் புரட்டிய அவர் கண்ணில் புகைப்பட இலாகா பட்டது. இது பெருஞ்செல்வர் போகம், இப்போதைய நிதிநிலைக்கு ஆகாது என்று தீர்த்து, அதை மூடும்படி உத்தரவிட்டார்.

ட்ரெவெல்யனும் நெடுநாள் தாங்கவில்லை என்பது வேறு கதை: கல்கத்தாவின் வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்த குற்றத்துக்காக 1860இல் அவரையே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். மூடிய கடை மூடியபடியே இருந்தது. ராணுவ வேலைக்குத் திரும்பிய ட்ரைப், 1902ஆம் ஆண்டு இறக்கும்வரை புகைப்படக் கலையை ஏறத்தாழ முற்றிலும் கைவிட்டவராகவே வாழ்ந்தார்.

பெருந்தாளைச் சுமக்க வண்டி வேண்டும், ஆள் வேண்டும், அவற்றுக்குப் பின்னால் ஒரு கஜானா வேண்டும். கஜானா கையை விரித்தபோது, பரப்பின் கதை எதிர்த் திசையில் திரும்பிற்று. அது நேராகத் திரும்பியது நம் நாட்டில் அன்று. அரை நூற்றாண்டுக்கு அப்பால், ஜெர்மனியின் வெட்ஸ்லார் என்னும் சிறு நகரத்தில், மைக்ராஸ்கோப்புகள் செய்யும் லைட்ஸ் கம்பெனியின் தொழிற்கூடத்தில்.

அங்கே ஆஸ்கார் பார்னாக் என்னும் நுண்தொழில் நிபுணர் வேலை பார்த்தார். மலையேறிப் படம் எடுப்பதில் ஆசை. ஆனால் மூச்சிரைப்பு நோய் அவரைப் பெரிய தகட்டுக் கேமராவைத் தூக்கவிடவில்லை. ஆகவே சினிமாவுக்கென்று ஏற்பட்ட 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சுருளை எடுத்து, சினிமாவின் இரண்டு சட்டங்களை ஒன்றாகச் சேர்த்து, 36க்கு 24 மில்லிமீட்டர் என்று ஒரு ஜன்னலை வெட்டிக்கொண்டார். இன்று ஃபுல் ஃப்ரேம் சென்சாருக்கு இருக்கும் அளவு அதுவே.

அன்றைய தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கு அந்தத் துண்டு விளையாட்டுச் சாமானாகவே தோன்றியது. முதல் உலகப் போர் முடிந்து, ஜெர்மனியின் நாணயம் காகிதக் குப்பையாகி, கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தள்ளாடிக்கொண்டிருந்த வேளையில், அந்த விளையாட்டுச் சாமானில் முதலீடு செய்வதா வேண்டாமா என்னும் பிரச்சினை 1924ஆம் ஆண்டில் முதலாளி எர்ன்ஸ்ட் லைட்ஸின் மேஜைக்கு வந்தது. எதிர்த்துப் பேச அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். ட்ரைப்பின் தாளில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத அந்தச் சிறு பரப்பை நம்பி அவர் கம்பெனியைப் பணயம் வைக்கத் துணிந்தது எதனால்?

(அடுத்த வாரம் தொடரும்)